ஒன்பதாவது டியூப்

எனக்குக் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். பெயர் எழுதாத டியூபை அனுப்பிவைக்கும் வார்டு நர்சுகளுக்குத் தெரியும், ஸ்லைடைத் துடைக்காமல் பெட்டியில் போடுகிறவர்களுக்குத் தெரியும், இருபத்தாறு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்தும் மனிதருக்கு ரொம்ப நன்றாகவே தெரியும். அப்படிப்பட்ட நான் ஒரு வாரத்தில் நான்கு நாள் யாரையும் ஒரு வார்த்தை திட்டாமல் இருந்தேன். லேபில் எல்லோரும் பயந்துபோய், எனக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி லேபில் கிருமிகளை வளர்த்து, இது இன்னது என்று சொல்வது என் பிழைப்பு. இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. அதிலும் ஈஸ்ட் என்றால் என் மேசைக்குத்தான் வரும். ரொட்டியை உப்ப வைக்கிறதே, அந்த ஈஸ்டுக்கு ஒன்றுவிட்ட சொந்தம், குணம்தான் வேறு. நம் வாயிலும் குடலிலும் அது பாட்டுக்குக் கிடக்கும். ஆளுக்கு உடம்பு தளர்ந்து, பெரிய ஆபரேஷன் ஏதாவது ஆகி, அந்தச் சமயம் பார்த்து ரத்தத்தில் இறங்கிவிட்டதோ, மனிதரைக் கொண்டுபோகாமல் விடாது.

அதை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு சின்ன வேலை இருக்கிறது. கொஞ்சம் சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரில், அந்த ஈஸ்டைக் கலக்கி உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். வைக்கும்போது வெறும் உருண்டைகள். இரண்டு இரண்டரை மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பயறு முளைவிட்ட மாதிரி ஒவ்வொரு உருண்டையிலிருந்தும் ஒரு நூல் நீண்டிருக்கும். அந்த நூல்தான் சதையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவது. நூல் வந்தால் அந்த ஈஸ்ட், வராவிட்டால் வேறு இனம். டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார்.

என் தம்பிக்கும் அதே ஈஸ்ட்தான் சோறு போடுகிறது. நான் நூல் வந்ததா இல்லையா என்று பார்ப்பதோடு சரி. அவன் ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்து, நூல் விடு என்று அதற்கு யார் சொல்கிறார்கள் என்று கேட்கிறவன். ஆறு வருஷம் தேடி ஒரு மரபணுவைப் பிடித்தான். அதற்கு எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர் உண்டு, என் வாயில் நுழையவில்லை. நான் அதற்கு வில்லன் என்று பெயர் வைத்தேன். வில்லனை வெட்டி எடுத்துவிட்டால் ஈஸ்ட் உருண்டையாகவே இருந்துவிடுகிறது, நூல் விடுவதில்லை, அதைச் செலுத்திய எலிகள் சாவதில்லை. வெட்டப்பட்ட அந்த ஈஸ்டுக்குச் சாது என்று பெயர் வைத்ததும் நான்தான்.

"பேரு வெக்கறது எல்லாம் நீ. பேப்பர்ல பேரு வர்றது மட்டும் நானா?" என்று சிரிப்பான்.

"ஏன், என் பேரையும் போடேன். கை கூசுதோ?"

"அக்கா, வேலை செஞ்சவங்க பேரைத்தான் போடணும்."

"உன்னைத் தூக்கி வளர்த்தது வேலை இல்லியாடா?"

நாற்பத்திரண்டு வயசாகிறது அவனுக்கு. இன்னமும் வருஷா வருஷம் நீட்டித்துத் தரும் வேலைதான். அதை நம்பி மனைவியை இருக்கிற வேலையை விட்டுவிட்டு வா என்று எப்படிச் சொல்வது? அவள் ஏழு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் வேறொரு ஊரில் டீச்சர். ஒன்பது வயசு மகளும் அங்கேதான். பெண் பிறந்ததிலிருந்து இவன் அப்பா வேலையைச் சனி ஞாயிறுகளில்தான் பார்க்கிறான். இப்போது சாதுவின் புண்ணியத்தில் அவன் ஆராய்ச்சிப் பேப்பரை ஒரு பத்திரிகையில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், அதை வைத்து நிரந்தர வேலைக்கு இன்டர்வியூவும் வந்துவிட்டது. அடுத்த வாரம் திங்கட்கிழமை. நாத்தனார், தம்பி பெண்டாட்டி என்கிற முறையெல்லாம் பார்க்காமல் அவளும் நானும் போனிலேயே வீடு பார்க்க ஆரம்பித்திருந்தோம்.

இந்த நேரம் பார்த்துத்தான் என் லேபில் பழைய உருண்டை ஈஸ்ட் கெட்டுப்போய்த் தொலைந்தது.

இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புதுசாக ஒரு சீரம் பாட்டில் உடைத்தால், நோயாளியின் ஈஸ்டை அதில் போடுவதற்கு முன் பாட்டில் சரியா என்று பார்க்க வேண்டும். கண்டிப்பாக நூல் விடும் ஒரு ஈஸ்டையும், எந்தக் காலத்திலும் நூல் விடாத ஒரு ஈஸ்டையும் போட்டுப் பார்ப்போம். முதலாவது நூல் விட்டு, இரண்டாவது உருண்டையாகவே இருந்தால் பாட்டில் நல்ல பாட்டில். அந்த இரண்டாவதுதான் கெட்டுப்போனது. மேலிடத்தில் எழுதிக் கேட்டால் எப்போது வருமோ! அதான் நம் வீட்டிலேயே ஒரு சாது இருக்கிறதே என்று தம்பியிடம் வாங்கி வந்து, என் தட்டில் தேய்த்து வளர்த்துவைத்துக்கொண்டேன். உலகத்தில் வேறு எந்த அக்காவும் தம்பியிடம் இப்படி ஒரு பொருளைக் கேட்டு வாங்கியிருக்க மாட்டாள்.

இன்டர்வியூவுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், திங்கட்கிழமை புது பாட்டிலை உடைத்தேன். இரண்டரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், சாது நூல் விட்டிருந்தது.

ஒன்றிரண்டு இல்லை, பாதிக்கு மேல். பாட்டில்தான் கெட்டது என்று அதைக் கொட்டினேன். செவ்வாய்க்கிழமை இன்னொரு பாட்டில். அதிலும் நூல். சரி, பக்கத்துத் தட்டிலிருந்து எதுவோ தவறிக் கலந்துவிட்டது, என் கைதான் சுத்தமில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு, தம்பியிடம் ஆள் அனுப்பிப் புதுசாக ஒரு தட்டு வாங்கினேன். எதற்கு என்று சொல்லவில்லை. புதன்கிழமை அதிலிருந்து எடுத்து என் தட்டில் தேய்த்தேன். வியாழக்கிழமை சீரத்தில் போட்டேன்.

நூல். அழகான, நேரான நூல்.

ஸ்லைடை மேசையில் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேசைக்காரி "அக்கா, தண்ணி வீணாப் போகுது" என்றாள். வேறு நாளாக இருந்தால் அவளுக்கு நான் கொடுத்திருக்கும் பதிலே வேறு.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், நினைத்தேன். உலகத்தில் எத்தனை பேர் தம்பியின் ஈஸ்டை எடுத்து ஆஸ்பத்திரி டெஸ்ட் பண்ணப்போகிறார்கள்? ஒருத்தரும் இல்லை. திங்கள் இன்டர்வியூ போகட்டும், ஆர்டர் கையில் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்படியே மத்தியானம் வரை ஓட்டினேன். ஆனால் அந்த இன்டர்வியூவில் நின்று அவன் தெரியாமல் ஒரு பொய்யைச் சொல்ல, தெரிந்த நான் வீட்டில் உட்கார்ந்திருப்பதா? சாயங்காலம் போன் பண்ணிவிட்டேன்.

"உன் சாது நூல் விடுதுடா" என்றேன். எனக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

"என்னக்கா விளையாட்டு?"

"மூணு தடவை பார்த்துட்டேன். ரெண்டு சீரம், ரெண்டு தட்டு."

அவன் குரல் மாறிவிட்டது. "அக்கா, நீ எதையோ மாத்திக் கலந்துட்டே. ஆஸ்பத்திரி லேப்ல ஆயிரம் கிருமி சுத்துது. நான் இதை ஆறு வருஷம் பார்த்திருக்கேன். நீ ஒரு குச்சியால தொட்டு ஒரு டியூப்ல கலக்கிப் பார்க்கறே. ரெண்டும் ஒண்ணா?"

"இருபத்து மூணு வருஷம் கலக்கியிருக்கேன்டா."

"அதான் சொல்றேன். கலக்கறது வேற, ஆராய்ச்சி வேற."

நான் போனை வைத்துவிட்டேன். சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தையெல்லாம் இறக்கித் திரும்ப அடுக்கினேன். என் வீட்டுக்காரர், டிரைவிங் கற்றுக்கொடுப்பவர், தினமும் பத்து பேர் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்தும் குரல் உயர்த்தாத மனிதர், கதவருகே வந்து நின்று, "யாரு மேல கோவம்னு சொன்னா நான் அந்தப் பக்கம் வராம இருப்பேன்" என்றார். உங்க மச்சினன் மேலே என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கோபத்தில்தான் அழுதேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தம்பி என் லேபுக்கே வந்துவிட்டான். சவரம் பண்ணாத முகம். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராது. ஸ்டூலை இழுத்துப்போட்டு என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எந்தத் தட்டுல வளர்த்தே?"

"எங்க தட்டுலதான். எல்லாச் சத்தும் போட்ட தட்டு."

"சீரத்துல போடறதுக்கு முன்னாடி கழுவினியா?"

"எதை?"

"ஈஸ்டை."

"ஈஸ்டை எதுக்குடா கழுவணும்? அது என்ன தலைக்குக் குளிச்சுட்டு வரணுமா? மத்தியானத்துக்குள்ள டாக்டர் ரிசல்ட் கேப்பார். தொட்டு எடுத்து நேரா கலக்குவோம்."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. "நாங்க மூணு தடவை கழுவுவோம். ஒரு ராத்திரி பட்டினி போடுவோம். எல்லா ஈஸ்டும் ஒரே நிலையில இருந்து கிளம்பணும்னு. அப்புறம்தான் சீரம், அதையும் தண்ணி கலந்து" என்றான். சொல்லிவிட்டு என் மைக்ராஸ்கோப்பின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். சின்ன வயசில் கணக்கு வராதபோது மேசை விளிம்பை இப்படித்தான் தேய்ப்பான்.

பிறகு அவனாகவே சொன்னான். ஒரு மரபணுவை வெட்டி எடுத்தால், வெட்டுப்பட்ட செல் எது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வெட்டிய இடத்தில் ஓர் அடையாள மரபணுவைச் செருகிவிடுவார்கள். ஈஸ்டுக்கு அவசியம் வேண்டிய ஒரு சத்தை அது தானே தயாரித்துக்கொள்ள அந்த அடையாளம் உதவும். முதலில் அந்தச் சத்தைத் தயாரிக்கத் தெரியாத ஈஸ்டை எடுத்துக்கொள்ள வேண்டியது, செருக வேண்டியது, அந்தச் சத்து இல்லாத தட்டில் விட வேண்டியது. எது பிழைக்கிறதோ அதில் செருகல் நடந்திருக்கிறது. அப்போதெல்லாம் இந்த ஈஸ்டை வைத்துக்கொண்டிருந்த எல்லா லேபிலும் இப்படித்தான் செய்தார்கள். என் தம்பி ஒன்றும் புதுசாகத் தப்புச் செய்துவிடவில்லை.

"செருகின இடம் சரியில்லாத இடமா இருந்தா?" என்றான். "அடையாளம் அரைகுறையா வேலை செஞ்சிருந்தா? உசிரைப் பிடிச்சு வெக்கற அளவுக்கு மட்டும் சத்து. நான் கழுவிப் பட்டினி போட்டதும் அதுவும் தீர்ந்துபோயிருக்கும். நூல் விடத் தெம்பில்லாம இருந்திருக்கும். எலி உடம்புக்குள்ளயும் அதே கதைதான்."

"என் தட்டுல?"

"உன் தட்டுல வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கு. நீ கழுவவும் இல்லை."

எனக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். "வில்லனைத் திரும்ப உள்ளே வெச்சுப் பார்த்தேன், நூல் வந்துச்சுன்னு சொன்னியே? அதனாலதானே எல்லாரும் நம்பினாங்க?" என்றேன்.

"வெச்சேன். அப்போ அந்த அடையாளத்தையும் கூடவே வேற இடத்துல வெச்சேன். அது நல்ல இடம் போல, சத்து சரியாக் கிடைச்சிருக்கு." அவன் எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். "சாது இல்லக்கா அது. பட்டினி."

"இன்னும் தெரியலையேடா. போல, இருந்தா, இருந்திருக்கும்னுதானே சொல்றே?"

"ஒரே நாள்ல தெரிஞ்சுக்கலாம். நாளைக்கு. நீதான் பார்க்கணும்."

"நான் எதுக்கு? கலக்கறவளாச்சே நான்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "என் கண்ணுக்கு எது வேணும்னு தெரியும்க்கா. அதை நான் நம்ப மாட்டேன்."

சனிக்கிழமை காலையில் நானும் என் வீட்டுக்காரரும் அவன் லேபுக்குப் போனோம். விடுமுறை, ஒருத்தரும் இல்லை. நீளமான அறை, மேசைக்கு மேசை கவிழ்த்துவைத்த கண்ணாடிச் சாமான்கள், மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் பெரிய ஃப்ரீஸர். முந்தின நாளே அவன் எல்லா ஈஸ்டையும் தன் வழக்கப்படி மூன்று முறை கழுவிப் பட்டினி போட்டு வைத்திருந்தான். பன்னிரண்டு டியூப். நாலில் வில்லனோடு இருக்கும் அசல் ஈஸ்ட். நாலில் சாது. இன்னும் நாலிலும் சாதுதான், ஆனால் அந்த ஒரே ஒரு சத்தைத் தண்ணீரில் கரைத்துக் கூடச் சேர்த்தது.

கணக்கு ரொம்பச் சுலபம். நூலுக்குக் காரணம் வில்லன்தான் என்றால், சாதுவுக்கு எவ்வளவு ஊட்டினாலும் நூல் வரக் கூடாது. நாலு டியூபில் நூல், எட்டில் உருண்டை. தம்பி பிழைத்தான். பட்டினிதான் காரணம் என்றால் ஊட்டிய நாலும் நூல் விட்டுவிடும். எட்டில் நூல், நாலில் உருண்டை. ஆறு வருஷமும் போச்சு, வேலையும் போச்சு, நாங்கள் பார்த்துவைத்த வீடும் போச்சு.

எது எந்த டியூப் என்று எங்கள் இருவருக்குமே தெரியக் கூடாது. அந்தப் பொறுப்பை என் வீட்டுக்காரரிடம் விட்டோம். அவர் எங்களை வெளியே அனுப்பி, பழைய சீட்டுகளைப் பிய்த்து, தன் இஷ்டத்துக்கு ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒட்டி, எது எதுவென்று ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துப் பட்டனும் போட்டுக்கொண்டார். "லைசென்ஸ் டெஸ்ட்டுல கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது" என்றார். அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்கு விஷயம் தெரிந்துவிடும் என்பதால் அவரை நடைபாதையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்.

இரண்டரை மணி நேரம். தம்பி டீ போட்டான், யாரும் குடிக்கவில்லை.

மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தேன். அவன் எனக்கு முதுகு காட்டி ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டான். ஒரு தாளில் எண்களை எழுதி, என் பழக்கப்படி நூலுக்கு ஒரு நீளக் கோடும் உருண்டைக்கு ஒரு வட்டமும் போட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு டியூபுக்கும் நூறு செல் எண்ண வேண்டும், அப்புறம்தான் பேனா.

ஒன்று, நூல். இரண்டு, உருண்டை. மூன்று, உருண்டை. நாலு, நூல். ஐந்தாவது உருண்டை என்று பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது, இன்னும் வா, இன்னும் வா என்று உருண்டைகளைக் கூப்பிட்டுக்கொண்டேன். ஆறு, நூல். ஏழு, நூல். எட்டு, உருண்டை.

நாலுக்கு நாலு. நிமிர்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டேன். மீதி நாலும் ஒரே மாதிரித்தான் இருக்கப்போகிறது, அதில் ஒன்றைப் பார்த்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது. ஒன்பதாவது டியூபிலிருந்து ஒரு துளி எடுத்து ஸ்லைடில் வைத்தேன்.

நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் குட்டையாக. எல்லா நீட்டலும் நூல் இல்லை என்பது என் தொழிலில் முதல் பாடம். நீட்டல் செல்லை விட்டுக் கிளம்பும் இடத்தில், கழுத்தில், ஒரு சுருக்கம் விழுந்திருந்தால் அது வெறும் மொட்டு, நூல் கணக்கில் சேராது. சுருக்கம் இல்லாமல் ஒரே அகலமாகக் கிளம்பியிருந்தால் அது நூல். ஒவ்வொரு கழுத்தாகத் தேடினேன். கொஞ்சம் சுருங்கேன், உனக்கு என்ன குறைந்துபோகிறது என்று கெஞ்சினேன். ஒன்று சுருங்கியிருந்த மாதிரி இருந்தது. குமிழைத் திருப்பித் தெளிவாக்கியதும் அதுவும் நேர். நூறு எண்ணினேன். எழுபத்தொன்றில் கழுத்து நேராக இருந்தது.

மொட்டு என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? கழுத்துச் சுருக்கத்தைப் பற்றி என் வார்த்தைக்கு மேல் வார்த்தை சொல்ல இந்த அறையில் ஆள் இல்லை. தம்பியின் குழந்தை ஞாயிற்றுக்கிழமை தோறும் ரயில் நிலையத்தில் அழுகிறது. பேனாவை எடுத்தேன். அது வட்டத்துக்குத்தான் வளைந்தது. என் கைதான் வளைத்தது, வேறு யாரும் வந்து பிடித்து வளைக்கவில்லை.

"அக்கா" என்றான் தம்பி, திரும்பாமலே. "பேனா நின்னுடுச்சு."

"மூக்கு அரிக்குது."

"சரி."

ஒரு வட்டம் போட்டால் இன்னும் மூன்று போட வேண்டும். போட்டுவிடுவேன், அதில் சந்தேகமில்லை. அப்புறம் திங்கட்கிழமை வார்டிலிருந்து யாரோ ஒருவரின் ரத்தத்து ஈஸ்ட் வரும், அதை எந்தக் கண்ணால் பார்ப்பேன்? வளைந்த இடத்திலிருந்தே பேனாவை இழுத்து நீளமாக ஒரு கோடு போட்டேன். காகிதத்தில் அது கரகரவென்று கேட்டது.

அவன் தோள் இறங்கியது. "அஞ்சாவது கோடு" என்றான்.

"திரும்பி உக்காந்துக்கிட்டு காதால பார்த்தியா? இது என்னடா நியாயம்!"

"வட்டத்துக்குச் சத்தம் கம்மி."

"இன்னும் மூணு இருக்குடா."

"பாரு. பார்த்து முடி."

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மூன்று கோடு. கண்ணைத் துடைத்துத் துடைத்து எண்ணினேன், ஆனால் ஒழுங்காக எண்ணினேன். என் வீட்டுக்காரர் உள்ளே வந்து பட்டனைக் கழற்றிக் காகிதத்தை எடுத்து வாசித்தார். ஒன்று, இரண்டு... ஊட்டிய நாலும் நூல், ஊட்டாத நாலும் உருண்டை. வாசித்து முடித்து அந்த மனிதர் தம்பியின் தலையில் கையை வைத்தார். நாற்பத்திரண்டு வயசுக்காரன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அத்தானின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான் போய் ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டுக் கோப்பைகளைக் கழுவினேன், வேறு என்ன செய்வது?

அவன் அங்கிருந்தே தன் புரொபசருக்குப் போன் செய்தான். எதிர்முனையில் பேசியது எனக்கும் கேட்டது. "திங்கட்கிழமை முடியட்டும். செவ்வாய்க்கிழமை இதை நிதானமாப் பேசிக்கலாமே" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் வரை நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"செவ்வாய்க்கிழமை பேசினா, திங்கட்கிழமை நான் பேசினதுக்கு என்ன சார் பேரு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

பேப்பரை நிறுத்தச் சொல்லி அன்றைக்கே கடிதம் எழுதினான். திங்கட்கிழமை இன்டர்வியூவில் முதல் பத்து நிமிஷம் தன் கண்டுபிடிப்பு என்ன என்றும், அடுத்த பத்து நிமிஷம் அது ஏன் தப்பு என்றும் சொல்லிவிட்டு வந்தான். எல்லோரும் கைகொடுத்தார்களாம். வேலை வேறு ஒருவருக்குப் போனது. இவனுக்கு இன்னும் ஒரு வருஷம் நீட்டித்தார்கள். போனில் விஷயத்தைக் கேட்ட அவன் மனைவி, "சரி, வெள்ளிக்கிழமை வரும்போது அவளுக்குக் கலர் பென்சில் வாங்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாளாம். அப்புறம் எனக்குப் போன் பண்ணி அரைமணி நேரம் அழுதாள். எனக்குத் தேற்ற வராது, நானும் கூட அழுதேன்.

பட்டினி கிடக்கும் ஈஸ்ட் ஏன் நூல் விடுவதில்லை என்பதைத்தான் இப்போது அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடையாளத்தைக் கண்ட இடத்தில் செருகினால் இப்படி ஏமாந்துபோவோம் என்று ஒரு சின்னப் பேப்பரும் போட்டான். இரண்டே பக்கம். அதைக் கொடுக்க ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தான். முதல் பக்கத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது.

"என்னடா இது?"

"வேலை செஞ்சவங்க பேரைத்தான் போடணும்."

என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அதை எழுத்து எழுத்தாகப் படித்தார். பன்னிரண்டு சீட்டு ஒட்டியவர் பெயரைக் காணோமே என்று குறைபட்டார். நான் சிரித்துக்கொண்டிருக்கும்போது தம்பி பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தான். அன்றைக்கு நான் கோடும் வட்டமும் போட்ட தாள்.

"இதுல ஒன்பதாவது கோடு மட்டும் ஏன் ஆரம்பத்துல வளைஞ்சிருக்கு?"

"பேனா சரியில்ல."

அவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதி உருண்டையும் அதிலிருந்து கிளம்பிய நூலுமாக இருந்தது அது.

"முழு வட்டமா முடிஞ்சிருந்தா நான் நம்பியிருப்பேன்க்கா" என்றான். "மறுபடி ஒரு தடவை பார்த்திருக்கவே மாட்டேன். நீ பார்த்ததாச்சே."

அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டபடி சமையலறைக்குப் போனான்.